பீலஃபெல்டில் ஒரு கதவைத் தட்ட வேண்டும்

திருவண்ணாமலை,
26.12.2025, வெள்ளிக்கிழமை, பகல்.

அன்பு மகள் அன்புச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், அங்கே நீ அந்தக் குளிருக்கும் வேலைக்கும் நடுவில் சுகமாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். இரண்டு வருஷமாக என் போனை நீ எடுப்பதில்லை, அது தெரிந்தும் எழுதுகிறேன். இந்தக் காகிதங்களைப் போட்டோ பிடித்து உன் ஈமெயிலுக்கு அனுப்பப் போகிறேன். நேற்றிலிருந்து அம்மா தன் போனிலிருந்து உனக்கு ஏழெட்டு முறை போட்டுவிட்டாள், ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் லீவில் போனால் முதியோர் இல்லத்தில் உனக்கு இரட்டை டியூட்டி விழும், போனை லாக்கரில் வைத்துவிடுவாய் என்று அம்மா சொன்னாள். அப்பா மெயில் போட்டிருக்கிறார், உடனே பார் என்று வாய்ஸ் மெசேஜும் போட்டிருக்கிறாள். போனைத் திறந்ததும் இதைப் படி, முழுசாகப் படி, கோபம் வந்தால் பாதியில் மூடிவிடாதே, நான் கேட்கப் போவது எனக்காக இல்லை. உன் ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் பீலஃபெல்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே கவியா என்று இருபது வயதுப் பெண் ஒருத்தி மாணவர் விடுதி அறையில் தனியாக இருக்கிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நீ போய்ப் பார்க்க வேண்டும், இன்றைக்கே போக வேண்டும்.

அவள் யார் என்று நீ கேட்பாய். போன வருஷம் போளூர் ரோட்டில் ஒரு மாடியில் பேச்சுத்துணை என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் பேச ஆள் வேண்டும், இங்கே எங்களைப் போல ரிட்டயர் ஆனவர்களுக்குப் பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டும், இரண்டு பேரையும் வாரம் ஒருமுறை வீடியோவில் உட்கார வைப்பதுதான் வேலை. நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகிறது, வீட்டில் சும்மா இருந்து அம்மாவோடு சண்டை பிடிப்பதற்கு இது பரவாயில்லை என்று பெயர் கொடுத்தேன். மொத்தம் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். பொறுப்பாளர் செழியன், உன் வயதுதான் இருக்கும், இரண்டு நாள் பயிற்சி வைத்தார். முதல் பத்து நிமிஷம் புத்தி சொல்லாதீங்க சார், கேட்டுக்கினே இருங்கனு அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு ஒதுக்கிய பிள்ளைதான் கவியா. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்துப் பக்கம், சண்டைக் காலத்தில் போனவர்கள், இவள் பிறந்தது ஜெர்மனியில். புதன்கிழமை தோறும் இங்கே ராத்திரி ஏழரை, அங்கே மதியம் மூன்று. முதல் நாள் கதைப்பமா ஐயா என்றாள், நான் கதை கேட்கிறாள் என்று நினைத்து, பெங்களூர் வண்டி செங்கத்துக்கு அந்தப் பக்கம் காட்டில் பிரேக் டவுன் ஆன கதையை அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கட ஊரில கதைக்கிறது எண்டா பேசுறது ஐயா என்று சிரித்தாள். நான் சொல்லும் ஜாஸ்தி, கம்மி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் போவதை ஜெர்மன் மொழியில் கறுப்பாகப் போவது என்பார்களாம், அதை எனக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு அதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். புதன்கிழமை ஆனால் நான் ஆறரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், அம்மா கேலி செய்வாள்.

அக்டோபரில் மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பௌர்ணமிக்குப் போனால் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் ஒரு சாதாரண நாளில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பதினாலு கிலோமீட்டரும் அவளை நடத்திக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு லிங்கத்துக்கும் நின்று காட்டினேன். அடி அண்ணாமலையில் நம் காசியின் டீக்கடையில் உட்கார்ந்தபோது, போன்ல யாருங்க, பொண்ணானு காசி கேட்டான். ஆமா, பொண்ணுதான் என்று சொல்லிவிட்டேன். உன்னை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன் என்பதை உன்னிடம் மறைக்க எனக்கு இஷ்டம் இல்லை. ஆனால் என்னை இப்போது அறுப்பது அது மட்டும் இல்லை. இங்கே விடியற்காலை என்றால் அங்கே ராத்திரி இரண்டு மணி. நான்கு மணி நேரம் அவள் தூங்காமல் என்னோடு நடந்தாள், ஏன் இந்தப் பிள்ளை தூங்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெங்களூர் ரூட்டில் கண்ணாடியைப் பார்த்தே பின் சீட்டில் யாருக்கு வாந்தி வரப்போகிறது என்று கண்டுபிடிக்கிறவன் நான்.

நவம்பரில் ஒரு நாள் உண்மையைச் சொன்னாள். டாக்டர் படிப்பில் சேர்ந்தவள், ஒரு பரீட்சையில் இரண்டு முறை போய்விட்டது, ஆடி மாசத்திலிருந்து வகுப்புக்கே போகவில்லை. வீட்டில் தெரியாது. தகப்பன் ராத்திரியில் ஆபீஸ்களைக் கழுவுகிற வேலை, தாயும் அதே வேலை, மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் காலையில் தாய் போன் போடும்போது பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிற மாதிரி வீடியோவில் நிற்பாளாம், போனை வைத்ததும் திரும்பப் படுத்துக்கொள்வாளாம். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் பத்து நிமிஷம் கேட்டேன், பதினோராவது நிமிஷம் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கிறிஸ்துமஸ் லீவுல வீட்டுக்குப் போயி அப்பா எதிர்ல ஒக்காந்து சொல்லிடும்மா, அதுக்கு மேல தள்ளாத, என்ன கொன்னா போட்டுடுவாருன்னு சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அந்தக் கெடுவை வைத்தது நான்தான் அம்மா. நேற்று கிறிஸ்துமஸ்.

கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தது தீபத்தன்று, அன்றைக்கும் புதன்கிழமை. வீடு நிறைய ஆட்கள், கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் பெரியம்மா வீட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள், தீபத்தைக் காட்டலாம் என்று ஆறு மணிக்கு முன்னாடியே அவளைக் கூப்பிட்டேன். மொட்டை மாடியில் எல்லோரும் அரோகரா போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தலைகூட வாரவில்லை, எனக்கு ஏலாமல் கிடக்கு ஐயா என்றாள். அந்த வார்த்தை நம் பக்கம் இல்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். பாலில் மிளகு தட்டிப் போட்டுக் குடித்துவிட்டுப் படு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, போனை மலைப் பக்கம் திருப்பிவிட்டேன். திரும்பப் பார்க்கும்போது லைன் கட்டாகியிருந்தது. அடுத்த புதன், பத்தாம் தேதி காலையில், என்னோட கதைச்சதுக்கு நன்றி ஐயா, சுகமாய் இருங்கோ என்று எழுதி அனுப்பியிருந்தாள். நன்றி எதுக்கும்மா என்று நான் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன். அது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக்கோடு நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அவள் வரவில்லை, அடுத்த புதனும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் செழியனிடம் போய் ஏலாமல் என்ற அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். முடியலனு அர்த்தம் சார், ஒடம்புக்கு முடியலன்னும் சொல்லுவாங்க, இனிமே என்னால முடியாதுன்னும் சொல்லுவாங்க, அவங்க எதைச் சொன்னாங்கனு கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் செய்த சத்தியத்தை அங்கேயே உடைத்து, பரீட்சை விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன்.

செழியனைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கே ஜெர்மனியில் இருக்கிற இந்தத் திட்டத்தின் ஆபீசுக்கு மெயில் போட்டார், பார்க்கிறோம் என்று ஒரு பதில் வந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. தாய் தகப்பன் நம்பர் அவர்களிடம்தான் இருக்கிறது, எங்களுக்குக் கொடுக்க விதி இல்லை. இந்தப் புதனும் அவள் வராமல் போனபிறகு அந்த ஆபீசுக்குப் போன் போட்டால், ஒரு மெஷின் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. லீவு விட்டுட்டாங்க சார், ஜனவரி அஞ்சாந் தேதிதான் தொறப்பாங்கனு செழியன் தலையில் கை வைத்துக்கொண்டு சொல்கிறார். ஐந்தாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. எனக்கு அந்த ஊர் மொழி தெரியாது, அந்த ஊர் போலீஸ் நம்பரை இங்கிருந்து அடித்தால் போகவில்லை, பாஸ்போர்ட்கூட நான் எடுத்ததில்லை. நேற்று மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது அம்மா, யாரோ பெத்த பொண்ணுக்கு இப்படித் துடிக்கிறீங்களே, நம்ம பொண்ணுக்கு ஒரு நாளாவது துடிச்சீங்களானு கேட்டுவிட்டாள். கேட்டவளே பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்புகிட்டச் சொல்லுங்க, அவ போவா, ஆனா நீங்கதான் கேக்கணும்னு சொன்னாள். உன்னிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று நேற்று முழுவதும் யோசித்தேன், இன்று யோசிப்பதை விட்டுவிட்டேன்.

இவ்வளவு எழுதும்போதே ஒன்று நடந்தது. இன்றைக்கும் காலையிலிருந்து கவியாவுக்குப் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன், எல்லாம் ஒரே டிக்காகக் கிடந்தது. பதினொன்றே காலுக்கு எல்லாவற்றுக்கும் இரண்டாவது டிக் விழுந்துவிட்டது. போனை யாரோ சார்ஜில் போட்டுத் திறந்திருக்கிறார்கள். உடனே கூப்பிட்டேன், ஆறு ரிங் போனது, பிறகு கட் ஆனது. தானாக நிற்கவில்லை, கட் பண்ணினார்கள். கட் பண்ண ஒரு கை இருக்கிறதல்லவா. அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை ஸ்விட்ச் ஆஃப். அன்பு, அந்தக் கை அவளுடையதுதான் என்று நான் நம்புகிறேன். அது இருக்கும்போதே யாராவது போய்ச் சேர வேண்டும். அதனால்தான் எழுத்து இப்படிக் கோணல்மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் தாண்டிவிட்டேன், அதைச் சொல்லாமல் உன்னை அனுப்பக் கூடாது. நவம்பரில் அவள் தன் விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாள். உங்கட மகள் வந்து இப்பிடிச் சொன்னா நீங்கள் என்ன செய்வீங்கள் ஐயா என்று. கட்டிப் பிடிச்சிக்குவேன், போனது போவட்டும் வாம்மானு சொல்லுவேன் என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது. அவள் கண் கலங்கிவிட்டது, உங்கட மகள் குடுத்து வைச்சவா என்றாள். நீ ஹனோவரில்தான் இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியும், கிட்டத்தானே, சந்திக்கலாமோ என்று முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டேன், உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றே வெட்கத்தை விட்டிருந்தால் இன்று அவளுக்குப் பக்கத்தில் நீ இருந்திருப்பாய்.

அவளிடம் நான் சொன்னது பொய். நீ அங்கே போன முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் அழுதுகொண்டே போன் போட்டாய். அப்பா, என்னால முடியலப்பா, வந்துடட்டுமானு கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. ஊரெல்லாம் சொல்லியாச்சு, இப்ப வந்து நின்னா நான் எப்படி வெளியில தலை காட்டறது, ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கினு இருனு சொன்னேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். உனக்கு அங்கே என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எத்தனை நாள் தூங்கவில்லை, ஒன்றும் நான் கேட்கவில்லை. நீ சொன்னது நம் ஊர்த் தமிழ்தான், அதற்கு அர்த்தம் கேட்க நான் யாரிடமும் போக வேண்டியதில்லை. தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாய், அதை நான் என் சாமர்த்தியம் என்று ஒரு வருஷம் காசியிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தக் குளிரில் நீ தனியாக எப்படி இருந்தாய் என்று இந்தப் பதினாறு நாளில்தான் எனக்குப் புரிகிறது. தப்பு என்னுடையதுதான், அன்பு. நீ கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். முடியவில்லை என்றால் வந்துவிடு. எந்த மாசம் என்றாலும், யாருக்கும் சொல்லாமல் வந்தாலும், உன் அறையில் நெல்லு மூட்டை வைத்திருக்கிறோம், அதை எடுத்துவிடுகிறேன். இதைச் சொன்னால் நீ போவாய் என்பதற்காகச் சொல்லவில்லை. நீ போகாவிட்டாலும் இது இப்படித்தான்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். நவம்பரில் என் பிறந்தநாளுக்கு அவள் ஒரு அட்டை அனுப்பினாள், அதன் பின்பக்கத்தில் விடுதி முகவரி இருக்கிறது, நான்காவது மாடி, அறை எண் 412. அதைத் தனியாகப் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ரயில் ஏறுவதற்கு முன்னாடியே அந்த ஊர் போலீசுக்குப் போன் போட்டு முகவரியைச் சொல்லிவிடு, உனக்கு அந்த மொழி வரும், அவர்கள் முதலில் போனால் போகட்டும். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து நீ நின்றுவிடாதே, நீயும் போ. கீழ்க் கதவு பூட்டியிருந்தால் வேறு அறை மணியை அடி. மேலே போய்த் தட்டிப் பதில் இல்லை என்றால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வை, நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சத்தம் கேட்டால் அவசரப்படுத்தாதே. படிப்பைப் பற்றிப் பேசாதே. அப்பா அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்காதே, அதை நான் ஜாஸ்தியாகவே கேட்டுவிட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் கீழே உட்கார்ந்துகொள், அவள் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு. சூடாக ஏதாவது எடுத்துக்கொண்டு போ, பொங்கல் மிளகு வாசனைக்கு அவளுக்குப் பசி எடுக்கும் என்று சொல்லியிருக்கிறாள். நீயும் வெறும் வயிற்றில் போகாதே, இரட்டை டியூட்டி பார்த்தவள், ரயிலில் தூங்கி ஊரைத் தாண்டிப் போய்விடாதே. காதுக்கு மப்ளர் கட்டிக்கொள்.

மற்ற சேதியெல்லாம் இப்போது எழுத மனசு இல்லை, இரண்டு வரி மட்டும். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, எண்ணெய் மாற்றித் தேய்க்கிறாள். உன் பெரியம்மா மகன் இனியனுக்குத் தை மாசம் கல்யாணம், நீ வருவாயா என்று கேட்கிறார்கள், அது உன் இஷ்டம், அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீ எந்த நேரத்தில் போன் போட்டாலும் எடுப்பேன், என் நம்பருக்கே போட வேண்டும் என்று இல்லை, அம்மாவின் போனும் என் கையில்தான் இருக்கிறது.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உனக்குத் துணையாக அந்த ரயிலில் வரட்டும். நீ பிறந்ததிலிருந்து உன்னை மனசார ஆசீர்வதித்திருக்கிறேன், வாய் விட்டுச் சொன்னதுதான் கம்மி. நல்லா இரும்மா. ஒன்றை மறக்காதே. கதவுக்கு வெளியே வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது, பயந்துபோயிருப்பாள், அந்நியக் குரலுக்குத் திறக்க மாட்டாள். சகாதேவன் ஐயாவோட மகள் வந்திருக்கிறேன் என்று தமிழில் சொல். அப்படிச் சொல்ல உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை சொல்லம்மா.

உன் அப்பா,
வெ. சகாதேவன்